என்னை வழிமொழிந்தவர்

கூட்டம் கூடி, மாலை போட்டு, படம் பிடித்து, மீஹூன் நூடுல்ஸ் தின்றுவிட்டுக் கலைகிற எந்தச் சங்கமும் எனக்கு ஆகாது. அப்படிப்பட்ட நான், காட்டுக் காவலர்களும் இயற்கைப் பாதுகாப்பு வேலையில் இருப்பவர்களும் சேர்ந்து நடத்துகிற ஒரு சங்கத்தில் போய்ச் சேர்ந்தேன் என்றால், ஆசைப்பட்டுச் சேரவில்லை. என் வேலை போகப் பார்த்தது. பிடித்துக்கொள்ள வேறு எதுவும் கைக்கு எட்டவில்லை.

பினாங்குத் தீவின் நடுவே இருக்கும் மலைக்காட்டில் நான் ரேஞ்சர். அதிலும் கான்ட்ரெக்ட் ரேஞ்சர். வருடத்துக்கு ஒரு முறை மேலே இருப்பவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருடமும் அந்தப் பச்சைச் சட்டை என் உடம்பில் இருக்கும். இதற்கு முன்னால் பத்து காவான் என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். கண் மட்டும் தெரிகிற வெள்ளை உடுப்பை மாட்டிக்கொண்டு, ஜன்னல் இல்லாத குளிர் அறையில் உட்கார்ந்து, பூதக்கண்ணாடிக்குக் கீழே கம்ப்யூட்டர் சில்லு பார்க்கிற வேலை. வெளியே மழையா வெயிலா என்றுகூடத் தெரியாது. காட்டு வேலை கிடைத்தபோது சம்பளம் குறைவு என்று வீட்டில் எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். என் நாத்தனார் இன்றைக்கும் விடுவதில்லை. "என்னா அண்ணி, குரங்கெல்லாம் பசியாறிடுச்சா?" என்று கேட்பாள். சிரித்துவிட்டுப் போய்விடுவேன். அந்தக் குளிர் அறைக்குத் திரும்பிப் போவதை நினைத்தால் மட்டும் சிரிப்பு வராது. செத்தாலும் போகமாட்டேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தேன்.

வீடு பட்டர்வொர்த்தில். விடியும்போதே மோட்டர்சைக்கிளை ஃபெர்ரியில் ஏற்றி, அக்கரை இறங்கி, மலையடிவாரத்துக்குப் போய், அங்கிருந்து நடந்து ஏறினால் எங்கள் போஸ்ட். போஸ்ட் என்றால் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை, ஒரு மேசை, ஒரு ஸ்ட்ரெச்சர், ஒரு கெட்டில். அங்கே என்னோடு வேலை பார்க்கிறவர் ஒரு மலாய்க்காரர். என்னைவிட மூத்தவர், அண்ணன் என்கிற அர்த்தத்தில் அபாங் என்றுதான் கூப்பிடுவேன். அவர் மலாயில்தான் பேசுவார். அதைத் தமிழில் எழுதுகிறேன்.

எங்கள் காலை வேலையில் பாதி ரிப்பன் அறுப்பது. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது, சொல்லிவிடுகிறேன். பினாங்கில் ஓய்வு பெற்றவர்கள் தினமும் மலை ஏறுவார்கள். வழக்கமான பாதை அவர்களுக்குச் சலித்துப்போகும். குறுக்குவழி கண்டுபிடிப்பார்கள். கண்டுபிடித்த சந்தோஷத்தில் கிளைக்குக் கிளை ரிப்பன் கட்டிக்கொண்டே போவார்கள், பின்னால் வருகிற கூட்டாளிகள் வழி தவறக்கூடாது என்று. ஆக எங்கள் மலையில் ரிப்பன் தொங்கினால் 'இந்தப் பக்கம் வா' என்று அர்த்தம். சிவப்பும் இளஞ்சிவப்பும் அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். அதை நம்பி இறங்கிக் காணாமல் போனவர்களைத் தேடிக் கூட்டி வருவது எங்கள் தலையெழுத்து. அதனால் பார்க்கிற ரிப்பனையெல்லாம் அறுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வருவோம்.

இன்னொரு பழக்கமும் உண்டு. செடி ஆராய்ச்சி, பறவை ஆராய்ச்சி என்று வேலையாக வருகிறவர்கள் பாதையை விட்டு உள்ளே இறங்குவதற்கு முன்னால் போஸ்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். எந்தப் பக்கம் போகிறேன், என்ன அடையாளம் வைக்கப் போகிறேன், அவ்வளவுதான். பெரிய பெரிய ஆட்கள்கூட வாசலில் நின்று சொல்லிவிட்டு, ஒரு வாய் கோப்பியும் குடித்துவிட்டுப் போவார்கள். சொன்னால் அந்த அடையாளத்தைத் தொடமாட்டோம். யாரும் அந்தப் பக்கம் இறங்காமலும் பார்த்துக்கொள்வோம்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை, பள்ளத்துப் பக்கமிருந்து கூச்சல் கேட்டது. அபாங்கும் நானும் ஓடினோம். பாதையோரத்தில் ஒரு பொண்டோக்கில், அதாவது சின்னக் கொட்டகையில், மலையேறிகளுக்குத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுக்கிற சீன ஆன்ட்டி கீழே கிடந்தார். காசு வாங்காமல், வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் ஊற்றிக் கொடுக்கிற மனுஷி. பாதையிலிருந்து புத்தம்புது இளஞ்சிவப்பு ரிப்பன்கள் வரிசையாகப் பள்ளத்துக்குள் இறங்கியிருந்தன. கூட்டாளிகள் ஓடைக்குப் புது வழி போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து இறங்கியிருக்கிறார். ஈரப் பாறை வழுக்கிவிட்டது. இடுப்பெலும்பு போய்விட்டது. ஸ்ட்ரெச்சரில் கட்டி, அந்தச் சேற்றில் ஏற்றி, பிறகு அடிவாரம் வரைக்கும் இறக்கினோம். வழியெல்லாம் ஆன்ட்டி தன்னையே திட்டிக்கொண்டு வந்தார். "என் கண்ணு கெட்டுப்போச்சு, கிழவியாயிட்டேன்" என்று உடைந்த மலாயில் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். "உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு ஆன்ட்டி, ரிப்பன்தான் தப்பு" என்றேன். அவர் நம்பவில்லை. பக்கத்தில் நின்ற மகனும் நம்பவில்லை. "அம்மாவுக்கு இனி மலை கிடையாது" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார், நான்தான் பிடித்துத் தள்ளிவிட்ட மாதிரி. அன்றைக்கே மலைக்குத் திரும்பினேன். பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி, கண்ணில் பட்ட ரிப்பன் ஒன்று விடாமல் அறுத்தேன். கட்டினவனை நினைத்து நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

கட்டினவர் அந்த வாரமே போஸ்டுக்கு வந்தார். வந்தார் என்றால் சும்மா வரவில்லை, கத்திக்கொண்டே வந்தார்.

நம் ஆள்தான். தமிழர். அதே போஸ்டில் பல வருடம் ரேஞ்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது கன்சல்டன்ட் என்று சொல்லிக்கொண்டு, காடு வளர்க்க ஆசைப்படுகிற ஒரு கம்பெனிக்காக அந்தப் பள்ளத்தில் மரக்கன்று நட்டிருக்கிறார். கன்று தெரிவதற்காகப் பக்கத்துக் கிளைகளில் ரிப்பன். எல்லோரும் மரியாதையாக அண்ணே, அண்ணே என்று கூப்பிடுவதைக் கேட்டே பழகியவர். நானும் அதுவரைக்கும் அண்ணே என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.

"யாரு என் ரிப்பன அறுத்தது?" என்றார்.

"நான்தான்."

"யாரக் கேட்டு அறுத்த?"

"நீங்க யாருகிட்ட சொல்லிட்டுக் கட்டுனீங்க?"

"நான் மேல ஆபீஸ்ல சொல்லியாச்சு. கார்ட் வேல பாக்குறவகிட்டலாம் வந்து கைகட்டி நிக்கணுமா?"

வாட்ச்மேன் மாதிரி கார்ட் என்று சொன்னதுகூடப் பரவாயில்லை. மரியாதை இல்லாத அந்த 'பாக்குறவ' தான் என்னைக் குத்தியது. "கை கட்ட வேணாம். வாயத் தொறந்து சொன்னா போதும் லா. நீங்க இதே நாற்காலியில உக்காந்திருந்தப்ப ஊரையே சொல்லிட்டுப் போகச் சொன்னவருதானே? ரிட்டையர் ஆனதும் மறந்துபோச்சா?" என்றேன்.

அவர் முகம் கறுத்துவிட்டது. அபாங் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார். நான் நிறுத்தவில்லை. ஆன்ட்டி விழுந்ததையும் சொன்னேன். அதற்கு அவர் சொன்ன பதிலை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். "அந்தக் கெழவி கண்ண எங்க வெச்சிருந்துச்சாம்?" என்றார்.

நேராக ஆபீசுக்குப் போய்ப் புகார் கொடுத்துவிட்டார். ரிப்பன் இல்லாமல் பெரணிப் புதருக்குள் கன்றுகளைக் கண்டுபிடிக்க முடியவில்லையாம், அவர் உழைப்பு முழுக்க நான் நாசமாக்கிவிட்டேனாம், வேண்டுமென்றே செய்தேனாம். ஆன்ட்டி விழுந்தது பற்றி ஆபீசில் கேட்டதற்கு, அது பாதை தவறிய ஒருவரின் கவனக்குறைவு என்று சொல்லியிருக்கிறார். ரிப்பன் சரி, ஆன்ட்டி குருடு, நான் ரவுடி. இதுதான் அவர் கட்டிய கதை. ஆபீசில் அதைக் கேட்டுக்கொண்டு, விசாரணை வைக்கிறோம், அது முடியும்வரை உன் கான்ட்ரெக்டில் கையெழுத்து இல்லை என்றார்கள். அன்றைக்கு ஃபெர்ரியில் திரும்பும்போது பத்து காவான் பக்கம் தெரிந்த விளக்குகளைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அடுத்த நாள் அபாங் தேத்தண்ணீரை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார், "விசாரணைக்குத் தனியாப் போகாத. நீ வாயத் தொறந்தா உன் வாயே உன்னக் கெடுத்துரும். பக்கத்துல ஒரு ஆள் வேணும்."

கான்ட்ரெக்ட் ஆட்களுக்கு யூனியன் கிடையாது. ஆனால் தொழில்முறைச் சங்கம் ஏதாவது ஒன்றில் உறுப்பினராக இருந்தால், அங்கிருந்து ஒருவர் விசாரணையில் பக்கத்தில் உட்காரலாம் என்று ஆபீஸ் விதி இருக்கிறதாம். அபாங் நான் முதலில் சொன்ன அந்தச் சங்கத்தில் ரொம்ப வருடமாக இருக்கிறார். "சேர்ந்துடு. நான் முன்மொழியிறேன்" என்றார்.

"அந்த ரிப்பன் ஆளுதானே அங்க உதவித் தலைவரு?" என்றேன்.

"ஆமா."

"அப்புறம் என்னா லா, அபாங்? பாம்புப் புத்துக்குள்ள போய்ப் படுக்கச் சொல்றீங்களா?"

"தலைவர் நல்ல பொம்பள. உதவித் தலைவர் மட்டுமே சங்கம் இல்ல" என்றார். அபாங் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அதனாலேயே சில சமயம் அவர்மேல் எனக்குக் கோபம் வரும்.

சேர்வதற்கு முன்மொழிய ஒருவர், வழிமொழிய இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவருக்கு நான் பட்ட பாடு! புக்கிட் மெர்தாஜாமில் நாற்றங்கால் பார்த்துக்கொள்கிற ஒரு அக்காவுக்குப் போன் அடித்தேன். நானும் அவரும் ஒரே பயிற்சியில் ஒரே அறையில் தங்கியவர்கள். அவர் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி ஊட்டிவிட்டிருக்கிறேன்.

"ஐயையோ, என்னைய ஏன்டி இதுல மாட்டி விடுற?" என்றார் அக்கா. "எங்களுக்கு வேலையே அவரு சொல்லித்தான் வருது. அவரு மூஞ்சில நான் எப்பிடி முழிக்கிறது?"

"கை தூக்குனா போதும்கா."

"கை தூக்குனா கைய ஒடிச்சிருவாரு. கோவிச்சுக்காத லா. சாமிகிட்ட வேண்டிக்கிறேன்."

சாமியிடம் நானே வேண்டிக்கொள்வேனே, அதற்கு இவர் எதற்கு? போனை வைத்துவிட்டேன். கடற்கரைப் பக்கம் வேலை பார்க்கிற இன்னொருவர் சரி என்று சொல்லிவிட்டு, கூட்டத்துக்கு முதல் நாளிலிருந்து போனை எடுக்கவில்லை. எல்லோருக்கும் நான் செய்தது சரி என்று தெரியும். தனியாகப் பேசினால் "நல்லாக் கேட்ட போ" என்பார்கள். நாலு பேர் முன்னால் வந்து நில்லுங்கள் என்றால் ஒருத்தருக்கும் முதுகெலும்பு கிடையாது. பிழைக்கத் தெரிந்தவர்கள், நன்றாக இருக்கட்டும்.

கூட்டம் ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடி. கீழே மாமாக் சாப்பாட்டுக் கடை. படியேறும்போதே மீன் தலைக் குழம்பு வாசனை மூக்கைத் துளைத்தது. பசியில் போயிருந்ததால் என் கோபம் இன்னும் ஒரு படி ஏறியது. மேலே மின்விசிறிக்குக் கீழே வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்னால் மேசைக்குப் பின்னால் தலைவர் உட்கார்ந்திருந்தார். சீனப் பெண்மணி, கடற்கரையில் ஆமை முட்டைகளைக் காவல் காக்கிறவர், வெயிலில் கறுத்த முகம். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் அந்த ஆள், இஸ்திரி போட்ட பூப்போட்ட பாத்திக் சட்டையில் ஜம்மென்று.

எனக்கு முன்னால் இரண்டு பேரைச் சேர்த்தார்கள். முன்மொழிந்தார்கள், வழிமொழிந்தார்கள், கை தட்டினார்கள், முடிந்தது. பிறகு என் முறை. அபாங் எழுந்து நின்று என்னை முன்மொழிந்தார். "வழிமொழிகிறவர்?" என்று தலைவர் கேட்டார்.

ஒருவரும் அசையவில்லை. நாற்றங்கால் அக்கா கைப்பைக்குள் எதையோ துழாவிக்கொண்டிருந்தார். தலைவர் இன்னொரு முறை கேட்டார். எனக்கு அவமானத்தில் காது சூடாகிவிட்டது. எழுந்து போய்விடலாம் என்று பையை எடுத்தேன்.

"நான் வழிமொழிகிறேன்" என்று ஒரு குரல் வந்தது. நிமிர்ந்து பார்த்தால், அந்த ஆள் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாடி முழுக்க ஒரு பெருமூச்சு. பிறகு கைத்தட்டல், மற்ற இரண்டு பேருக்கும் தட்டியதைவிடப் பலமாக. பெரிய மனுஷன் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று எனக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள். நானும் ஒரு கணம் ஏமாந்துதான் போனேன். மனசு மாறிவிட்டது போலிருக்கிறது, நாம்தான் அதிகமாகப் பேசிவிட்டோமோ என்றுகூட நினைத்துவிட்டேன். என்னைச் சொல்லவேண்டும்.

தலைவர் என்னை உறுப்பினராக அறிவித்தார். அவர் வாய் மூடுவதற்குள் அந்த ஆள் எழுந்து நின்றார். "புது உறுப்பினர் மேல் ஒரு புகார் கொடுக்கிறேன்" என்றார். "சக உறுப்பினருடைய களப்பணியை வேண்டுமென்றே அழித்தது, சங்கத்தின் நடத்தை விதிக்கு விரோதம். விசாரித்துக் கண்டனம் எழுதி, அவர் வேலை பார்க்கிற ஆபீசுக்கு அனுப்பவேண்டும்." எல்லோருக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி தமிழில், "வெளி ஆளுன்னா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது ம்மா. இப்ப நீ நம்ம ஆளு" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆபீஸ் விசாரணைக்கு நான் சங்கத்தைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போக நினைத்தேன். இவர் அதே சங்கத்தின் வாயாலேயே என்னைக் குற்றவாளி என்று சொல்லவைத்து அனுப்பப் பார்க்கிறார். அதற்கு நான் முதலில் உறுப்பினராக வேண்டும். அதற்குத்தான் அந்தக் கை. என் தலையிலேயே மிளகாய் அரைத்திருக்கிறார், மாடி முழுக்க அதற்குக் கை தட்டியிருக்கிறது.

வந்த ஆத்திரத்துக்கு நாற்காலியைத் தூக்கி எறிந்திருப்பேன். அபாங் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "கேள்வி கேளு. கத்தாத" என்றார்.

நான் எழுந்து நின்றேன். தலைவரைப் பார்த்து மலாயில் கேட்டேன், "இப்ப நான் உறுப்பினர்தானே?"

"ஆமாம்."

"அவருக்கு இருக்கிற உரிமை எல்லாம் எனக்கும் உண்டா?"

"எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"அப்ப நானும் ஒரு புகார் கொடுக்கிறேன். அவர் மேல."

கைப்பையைத் துழாவிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார். அந்த ஆள் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, ஆனால் கண்ணில் இல்லை.

நான் கத்தவில்லை. கத்தாமல் பேசியது என் வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான். மலையில் இளஞ்சிவப்பு ரிப்பனுக்கு என்ன அர்த்தம் என்று இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும் என்றேன். பாதையிலிருந்து பள்ளத்துக்குள் அந்த நிறத்தில் ரிப்பன் கட்டிக்கொண்டே போனவர் இவர் என்றேன். போஸ்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றேன். அதை நம்பி இறங்கி இடுப்பை உடைத்துக்கொண்டவர் பொண்டோக் ஆன்ட்டி என்றேன். "நம்ம எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்துனவங்க. அவங்க தவறி விழலை. ரிப்பன் காட்டுன வழியில போனாங்க. தன் கண்ணு கெட்டுப்போச்சுன்னு நெனச்சுக்கிட்டு இன்னிக்கும் கட்டில்ல கெடக்கிறாங்க. பிள்ளைங்க இனி மலைக்கே விடமாட்டாங்க."

ஆன்ட்டி விழுந்தது எல்லோருக்கும் தெரியும், பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தவர்கள்கூட இருந்தார்கள். யாருடைய ரிப்பன் என்பது மட்டும் அன்றைக்குத்தான் தெரிந்தது. பின்வரிசையிலிருந்த ஒரு பறவை ஆராய்ச்சிக்காரர் சீன மொழியில் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார்.

தலைவர் அந்த ஆள் பக்கம் திரும்பினார். "நீங்க போஸ்ட்ல சொன்னீங்களா?"

"ஆபீஸ்ல சொல்லியிருந்தேன்."

"நான் போஸ்டைக் கேட்டேன்."

அபாங் உட்கார்ந்தபடியே, "சொல்லலை" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இரண்டு புகாரையும் ஒரே நாளில் ஒன்றாக விசாரிப்போம் என்றார் தலைவர். அந்த ஆள் எழுந்து, புகாருக்கு ஆளானவளுக்கு ஆபீஸ் விசாரணையில் சங்கம் துணைபோகக் கூடாது என்றார். "அப்படிப் பார்த்தா இப்ப உங்க மேலயும் புகார் இருக்கு, உங்களுக்கும் சங்கம் துணை இல்லை" என்றார் தலைவர். "புகார் வேற, தீர்ப்பு வேற. அவங்க உறுப்பினர். நான் கூடப் போறேன்." அந்தப் பெண்மணியைக் கட்டிப்பிடித்திருப்பேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் அதெல்லாம் பிடிக்காதவர் மாதிரி இருந்தது.

கூட்டம் முடிந்து கொடுத்த மீஹூனைத் தொடவில்லை. படியிறங்கும்போது பின்னாலேயே அந்த ஆள் வந்தார். பாதிப் படியில் கூப்பிட்டார்.

"நில்லும்மா. பேசி முடிச்சிக்கலாம். உன் புகார நீ எடுத்துக்க, என்னுத நான் எடுத்துக்கிறேன். ஆபீஸ்லயும் சொல்லிர்றேன். நாளைக்கே உன் கான்ட்ரெக்ட்ல கையெழுத்து விழும்."

பொய் சொல்லவில்லை. அவர் சொன்னால் விழும். அவ்வளவு செல்வாக்கு. கீழேயிருந்து குழம்பு வாசனை வந்துகொண்டிருந்தது. என் மனதில் அந்தக் குளிர் அறை, அந்த வெள்ளை உடுப்பு, மூக்கில் ஏறும் அந்த மருந்து நாற்றம் எல்லாம் வந்துபோனது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. வாய்வரை வந்ததா என்று கேட்டால், வந்தது.

"ஆன்ட்டி?" என்றேன்.

"அது என்ன, அதுக்கு வயசாயிருச்சு. எங்கயாச்சும் விழத்தான் போவுது. அதுக்காக நீ உன் சோத்துல மண்ணப் போட்டுக்குவியா?"

"போட்டுக்கிறேன்" என்றேன். "என் சோறு, என் மண்ணு. நீங்க உங்க வேலயப் பாருங்க."

அண்ணே என்று சேர்க்கவில்லை. கீழே வந்து மோட்டரை எடுக்கும்போதுதான் அழுகை வந்தது. கடைக்காரத் தம்பி ஒருவர் பார்த்துவிட்டார் என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சரி, போனா போவுது" என்றார். அவர் முகத்தில் அது அவ்வளவு லேசாக இல்லை.

ஆபீஸ் விசாரணை அடுத்த வாரம் நடந்தது. தலைவர் கடற்கரையிலிருந்து நேராக வந்திருந்தார், செருப்பில் மணல். என் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த ஆள் எதிரில். அதிகாரி என் குற்றங்களை வாசித்தார். என் வாய் துறுதுறுத்தது. தலைவர் மேசைக்குக் கீழே என் முழங்காலில் கை வைத்து அழுத்தினார். பிறகு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார், அதிகாரியிடம் இல்லை, எதிரில் இருந்தவரிடம்.

"அந்த அம்மா விழுந்த இடத்தில் இருந்த ரிப்பன் யாருடையது?"

அவர் அதிகாரியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மாடியில் அத்தனை பேர் முன்னால் வெளிவந்ததை இங்கே மாற்றிச் சொன்னால், நாளைக்குச் சங்கத்தில் உட்கார முடியாது என்பது அவருக்குத் தெரியும். அவருக்கு ஆபீஸ் பயம் கிடையாது. சங்கத்தில் அந்த நாற்காலி போய்விடும் என்கிற பயம் உண்டு.

"என்னுதுதான்" என்றார்.

"நீங்க கட்டினது போஸ்டுக்குத் தெரியுமா?" என்று அதிகாரி கேட்டார்.

"தெரியாது."

அதோடு முடிந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அதிகாரி என்னிடம் இனிமேல் அறுப்பதற்கு முன்னால் போன் பண்ணிக் கேள் என்று ஒரு புத்திமதி சொன்னார், ஏதாவது ஒன்று சொல்லியாகவேண்டுமே என்று. கையெழுத்து விழுந்தது. அன்று சாயங்காலமே ஆன்ட்டி வீட்டுக்குப் போய், அவர் மகனை நிற்கவைத்துக்கொண்டு, ரிப்பன் யாருடையது, ஆபீசில் என்ன ஒத்துக்கொண்டார் என்பதை எல்லாம் சொன்னேன். ஆன்ட்டி ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப என் கண்ணு?" என்றார். "நல்லாருக்கு ஆன்ட்டி" என்றேன். சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியின் சின்ன எழுத்தைக் கண்ணைச் சுருக்கி ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தார். மகன் உள்ளே போய்விட்டார்.

சங்கத்தில் இரண்டு புகாருக்கும் ஒரு கூட்டம் போட்டு, என்மேல் கண்டனம் இல்லை என்றும், அவர் இனி போஸ்டில் சொல்லாமல் எங்கும் இறங்கக்கூடாது என்றும் முடிவு செய்தார்கள். அவர் இன்றைக்கும் உதவித் தலைவர்தான். நாற்காலியை யாரும் பிடுங்கவில்லை. நானும் உறுப்பினர்தான். கூட்டங்களில் நானும் அவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நாற்றங்கால் அக்கா ஒன்றுமே நடக்காத மாதிரி என்னிடம் வந்து, "நீ ஜெயிச்சிருவேன்னு எனக்கு அப்பவே தெரியும் லா" என்றார். எனக்குத் தெரியாதே அக்கா, நீங்களாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

மழை விட்டு ஒரு திங்கட்கிழமை காலையில் போஸ்ட் வாசலில் நிழல் விழுந்தது. அந்த ஆள்தான். அபாங் அன்றைக்கு லீவு. நான் மட்டும் இருந்தேன். அவர் உள்ளே வரவில்லை, திரும்பியும் போகவில்லை. நானும் வாங்க என்று சொல்லவில்லை. கெட்டில் கொதித்து அடங்கியது.

"பள்ளத்துக்குப் போறேன்" என்றார், மரத்தைப் பார்த்துக்கொண்டு.

"எதுக்கு?"

எதற்கு என்று எனக்குத் தெரியும். அவர் வாயால் வரட்டும் என்றுதான் கேட்டேன்.

"கன்னு பாக்க."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"சரி, போங்க" என்றேன். அவர் நாலு அடி நடந்ததும், "ஓடைப் பக்கம் பாறை இன்னும் ஈரம். பாத்து எறங்குங்க" என்று பின்னால் கத்தினேன்.

அவர் நின்று திரும்பிப் பார்த்தார். நான் அக்கறைப்பட்டுச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. அவரை எனக்கு இன்றைக்கும் கண்டாலே ஆகாது. ஆனால் அவர் அங்கே விழுந்தால், ஸ்ட்ரெச்சரில் கட்டி அந்தச் சேற்றில் தூக்கிக்கொண்டு வரவேண்டியது நான்தான். அதுதானே நான் இவ்வளவு சண்டை போட்டுக் காப்பாற்றிக்கொண்ட வேலை.